பத்து நாள் ருசித்த கஞ்சி

என் அக்கா சகாயசெல்வியைப் பார்க்க வருகிறவர்கள் இன்றைக்கும் கையில் இளநீரோடுதான் வருகிறார்கள். எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது, கருக்கைப் போல உடம்புக்குக் குளிர்ச்சி வேறு இல்லை என்று எங்கள் கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். கருக்கு என்றால் இங்கே இளநீர். சிறுநீரகம் கெட்டவளுக்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும் என்பது மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. சொன்னாலும், "டாக்டருமாரு அப்படித்தான் சொல்லுவாவ" என்று சிரித்துக்கொண்டே வெட்டுவதற்கு அரிவாள் கேட்பார்கள்.

நான் பள்ளிக்கூடத்து டீச்சர். அக்காவுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கோபம் மூக்கு நுனியில்தான். அக்காவுக்கு அது கொஞ்சம் கூடுதல். அந்தக் கோபம்தான் அவளை நாலு வருஷம் டயாலிசிஸ் மெஷினில் ஏறாமல் காப்பாற்றியது.

அக்கா புதுக்கடை சந்தையில் மீன் விற்பவள். விடிந்ததும் கரையில் ஏலம் எடுத்து, அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றி நடப்பாள். மீன்கூடை என்றால் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், நாறுமாம். அதே பஸ்ஸில் வருகிறவர்கள் மத்தியானம் அவளிடம் பேரம் பேசி மீன் வாங்குவார்கள். பதினைந்து வருஷம் அந்தப் பாரத்தைச் சுமந்ததில் கழுத்தும் கால்முட்டும் போயின. சந்தைக்குப் பக்கத்தில் ஞானதாசன் மருந்துக்கடை வைத்திருந்தார். அவரிடம் கேட்டால் வலி மாத்திரையை அட்டையிலிருந்து வெட்டிக் கொடுப்பார். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. சந்தையில் உட்காரும் பெண்கள் எல்லோரும் அதைத்தான் தின்றார்கள். எந்தச் சீட்டும் கிடையாது, எந்தக் கேள்வியும் கிடையாது.

2010இல் அவளுக்குக் கால் வீங்கியது. முகமும் ஊதியது. நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா, இரண்டு கிட்னியும் சேர்ந்து கால்வாசிகூட வேலை செய்யவில்லை என்றார். வருஷக்கணக்காகத் தின்ற வலி மாத்திரைதான் காரணமாக இருக்க வேண்டும் என்றார். போனது திரும்பாது. என்றைக்காவது டயாலிசிஸ் வேண்டியிருக்கும்.

"என்னைக்கு?" என்று கேட்டாள் அக்கா.

"அது உங்க கையிலயும் இருக்கும்மா. உப்பு, தண்ணி, பிரஷர், சாப்பாடு எல்லாம் கட்டுப்பாடா இருந்தா ஒரு வருஷம் தள்ளலாம். மூணு, நாலு வருஷம்கூடத் தள்ளினவங்க இருக்காங்க."

"அப்போ நான் நாலு தள்ளுதேன்" என்றாள் அக்கா. மெஷினில் ஏறினால் வாரத்தில் பாதி நாள் நாகர்கோவிலில் போய்விடும். சந்தையில் ஒரு நாள் ஆள் இல்லை என்றால் அந்த இடத்தில் வேறொருத்தி பாத்திரத்தை இறக்கிவிடுவாள். அவளுக்கு அந்த இடம் போகக் கூடாது, அவ்வளவுதான்.

ஊருக்கு வந்ததும் அவள் முதலில் வீட்டுக்குப் போகவில்லை. ஞானதாசன் கடைக்குப் போனாள். கண்ணாடி மேசையில் ரிப்போர்ட்டை ஓங்கி வைத்தாள்.

"நீ கேட்ட, நான் குடுத்தேன். நான் என்ன உனக்க வாயிலயா ஊட்டினேன்?" என்றார் அவர்.

அக்கா ரிப்போர்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் மீன் பாத்திரத்தைக் கொண்டுபோய் அவர் கடை வாசலுக்கு நேர் எதிரே இறக்கினாள். மாத்திரைக்கு வந்த ஒவ்வொரு பெண்ணையும் கூப்பிட்டு, "ஏட்டி, இஞ்ச வா. எனக்க காலைப் பாரு" என்று வீங்கிய காலில் விரலால் அழுத்திக் காட்டினாள். குழி விழுந்து அப்படியே நின்றது. அவர் சண்டைக்கு வந்தார். அவள் அசையவில்லை. ஒரு மாதத்தில், சீட்டு இல்லாமல் மாத்திரை கிடையாது என்று அவரே அட்டை எழுதித் தொங்கவிட்டார்.

அதன் பிறகு அவள் இருந்த இருப்பை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கருவாடு விற்றாள், ஒரு துண்டு வாயில் வைக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர், அதற்குமேல் நாக்கு ஒட்டினாலும் குடிக்க மாட்டாள். காய்கறியை நறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டு, பொட்டாசியம் இறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். "சத்தையெல்லாம் ஓடையில ஊத்திட்டு நான் சக்கையைத் திங்குதேன். பாத்துக்கிடு" என்று கத்துவாள். கத்திக்கொண்டே தின்பாள். மாத்திரை இல்லாமல் முட்டுவலி அவளைக் கொன்றது. அதற்கும் கெட்ட வார்த்தைதான் மருந்து. பாரத்தைப் பாதியாக்கினாள், சந்தையை விடவில்லை. ரத்தம் பார்க்கிற அன்றைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், கிரியாட்டினின் எவ்வளவு என்று வாசிக்கச் சொல்லுவாள். கிட்னி கெடக் கெட அது ஏறும். நாலில் தொடங்கியது நாலு வருஷம் கழித்தும் ஆறைத் தொடவில்லை. டாக்டரம்மாவே மற்ற நோயாளிகளிடம் இவளைக் கைகாட்டிப் பேசினார்.

அவள் வீட்டுக்காரர் ஆன்ட்ரூஸ் கடல் தொழிலாளி. நல்ல மனிதர். நல்ல மனிதர் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன். 2014 மழையில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டாள். இவருக்குக் கைகால் ஓடவில்லை. யாரிடமும் சொல்லாமல் பங்குச்சாமியை, எங்கள் கோயில் பாதிரியாரை, வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

சாகக் கிடப்பவர்களுக்குச் சாமி வந்து எண்ணெய் பூசி ஜெபிப்பதை எங்கள் ஊரில் அவஸ்தை கொடுப்பது என்பார்கள். குணமாவதற்காகவும் அதைக் கொடுக்கலாம் என்று இப்போது பிரசங்கத்தில் சொல்கிறார்கள். பிரசங்கத்தை யார் கேட்கிறார்கள்? எண்ணெய்ச் சிமிழைக் கண்டதும் அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"சாமி, நான் சாவப் போறேன்னு யாரு சொன்னா?"

"அதுக்கு இல்லம்மா. நீங்க சுகமாகணும்னுதான்."

"வாழணும்னு பூசினா பூசுங்க. சாவுக்குன்னா சிமிழை மூடிக்கிட்டுப் போங்க."

சாமி சிரித்துக்கொண்டு நெற்றியிலும் கையிலும் பூசி ஜெபித்துவிட்டுப் போனார். அவர் படி இறங்குவதற்குள் ஊர் முழுக்கச் சேதி போய்விட்டது. செல்விக்கு அவஸ்தை கொடுத்தாச்சு.

அவஸ்தை வாங்கியவளுக்குப் பத்தியம் ஏது? ஆசைப்பட்டதைக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். செவ்வாழைக் குலை வந்தது. சக்கைப்பழம், அதாவது பலாப்பழம், வந்தது. வறுத்த நெத்திலிக் கருவாடு வந்தது. கருக்கு மட்டும் புறவாசலில் குவியலாகக் கிடந்தது. ஆசையோடு கொண்டு வந்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். வாயில் நஞ்சை ஊட்ட வருகிறோம் என்று ஒருத்திக்காவது தெரிய வேண்டுமே! நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் நின்று ஒவ்வொருத்தரையும் விரட்டினேன். திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினேன். அக்கா எதையும் தொடவில்லை.

"அந்தக் கருக்கையெல்லாம் எடுத்து யாருக்காச்சும் குடுத்துருங்க. எனக்குப் பாக்கவே வேண்டாம்" என்று ஆன்ட்ரூஸிடம் சொன்னாள். அவரும் தலையை ஆட்டினார்.

காய்ச்சல் விட்டது. அவர் கடலுக்குப் போகாமல் வீட்டிலிருந்து, மூன்று வேளையும் கஞ்சி வைத்துக் கொடுத்தார். ஒரு நாள் நான் போனபோது அக்கா கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, கஞ்சி ருசியா இருக்கு கேட்டியா. நாலு வருசமா வாயில இரும்பு கடிச்ச மாதிரி இருந்துது. இப்போ ருசி தெரியுது."

எனக்கு எவ்வளவு சந்தோஷம்! நோய் முற்றினால் வாய் ருசி போகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ருசி வந்தால் உடம்பு தேறுகிறது என்றுதானே அர்த்தம்? "பாத்தியா, எண்ணெய் வேலை செய்யுது" என்று நானே சொன்னேன். அந்தக் கிண்ணத்தில் ஒரு வாய் எடுத்து நக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. படித்தவளாம், டீச்சராம்.

அந்தக் கஞ்சி குடிக்கத் தொடங்கிய பதினோராம் நாள் காலையில் சந்தைக்குப் புறப்பட்டாள். பாத்திரத்தைத் தூக்கக் குனிந்தவளுக்குக் கால் நிற்கவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "காலு இருக்கான்னே தெரியல, பிரிஸ்கா" என்றாள். என் பெயரைச் சொல்லி அவள் கூப்பிடுவதே அபூர்வம். வேன் பிடித்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம்.

நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. ஐந்துக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் ஏழுக்கு மேலே போய்விட்டது, இதயம் எந்த நிமிஷமும் நிற்கலாம், உடனே டயாலிசிஸ் என்றார். கழுத்தில் குழாய் போட்டு மெஷினில் ஏற்றினார்கள்.

"போன மாசம்கூட நல்லா இருந்தாங்களே. இவ்வளவு எங்கிருந்து ஏறிச்சு? என்ன சாப்பிட்டாங்க?"

"கஞ்சிதான் டாக்டர். வெறும் கஞ்சி" என்றேன் நான்.

ஆன்ட்ரூஸ் சுவரோடு ஒட்டி நின்றார். "கருக்குத் தண்ணியில வச்சேன்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அரிசியைக் கருக்குத் தண்ணியில போட்டு வேவிச்சேன். நேரா குடுத்தா குடிக்க மாட்டா. அவளுக்கும் ஒரு ருசி வேண்டாமா? சாவப் போறவ, எத்தனை நாளைக்குத்தான் சக்கையைத் தின்னுவா?"

"அவ சாவப் போறான்னு யாரு சொன்னா அத்தான்? யாரு சொன்னா?" அந்த வராந்தாவில் நான் போட்ட சத்தத்தில் நர்ஸுகள் ஓடிவந்தார்கள். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவரும் கையைத் தடுக்காமல் நின்று அழுதார். அடிக்க ஓங்கினேன், அடிக்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் ஒன்று வைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

பொட்டாசியம் இறங்கியதும் மெஷினை நிறுத்திப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. மூன்று தடவை ஏற்றிவிட்டு நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்திய மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது, திரும்பவும் ஏற்றினார்கள். விளிம்பில் நின்ற கிட்னி விழுந்துவிட்டது, இனி எழும்பாது என்றார். நாலு வருஷம் ஒருத்தி நாக்கைக் கட்டிப் பிடித்து நிறுத்தியதைப் பத்து நாள் கஞ்சி முடித்துவிட்டது.

அக்காவிடம் யார் சொல்வது? நான்தான் சொன்னேன். கழுத்துக் குழாயோடு படுத்திருந்தவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு ஆன்ட்ரூஸைக் கூப்பிடச் சொன்னாள். அவர் வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் திட்டத் தொடங்கினாள். அவர் அப்பன், பாட்டன், அவர் வள்ளம், வலை ஒன்றையும் விடவில்லை. மூச்சு வாங்க நிறுத்தி, தண்ணீர் கேட்காமல் மறுபடி திட்டினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் மெஷின். சந்தையில் அவள் இடத்தில் வேறொருத்தி பாத்திரம் இறக்கிவிட்டாள். அக்கா மற்ற நாட்களில் போய் ஓரமாக உட்கார்ந்து அவளோடு சண்டை போடுகிறாள். கருக்கோடு வருகிறவர்களை இப்போது நான் விரட்ட வேண்டியதில்லை, ஆன்ட்ரூஸே தெருமுனையில் நின்று வாங்கி ஓடையில் எறிகிறார்.

போன வெள்ளிக்கிழமை மெஷினிலிருந்து இறங்கி வந்தவளை வீட்டில் கட்டிலில் படுக்க வைத்தேன். அவர் அடுக்களை வாசலில் நின்று, "கஞ்சி வைக்கட்டா?" என்று மெல்லக் கேட்டார்.

"வைங்க. கெணத்துத் தண்ணியில வைங்க, மனுஷா."

அவர் உள்ளே போனார். அக்கா என் கையைப் பிடித்து அருகில் இழுத்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அந்தப் பத்து நாளு கஞ்சி நல்லா இருந்துது, பிரிஸ்கா. அத்தனை ருசியா இருந்துது. அதைத்தான் என்னால பொறுக்க முடியல."