மூன்று மாத விருந்தாளி

எங்கள் தோட்டத்தில் கொழுந்தைத் தேயிலைத் தூளாக்குகிற ஸ்டோரில் பெட்டி அடிக்கிற இடத்தில் எனக்கு வேலை. மரப்பெட்டிக்குள் ஈயத்தாளை விரித்து, தூளைக் கொட்டிக் குலுக்கி, மூடியை ஆணியடித்து, மேலே தோட்டத்தின் பெயரை மையில் பதிப்பேன். மஸ்கெலியாப் பக்கத்து மலையிலிருந்து லொறியில் ஹட்டன், அங்கிருந்து ரயிலில் கொழும்பு, பிறகு கப்பலில் லண்டன். நான் பதித்த பெட்டி ஒன்றாவது வழியில் மறிக்கப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. என் அம்மாவை முசிறிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இதே தோட்டத்துக்குக் கூட்டிவர எனக்கு ஆறு வருஷம் பிடித்தது.

இத்தனைக்கும் அம்மா இந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். அவளைப் பெற்றவர்கள்தான் கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாவிலிருந்து வந்த அக்கரைக்காரர்கள். தேயிலைக்கு ஆள் வேண்டியிருந்த காலத்தில் கழுத்தில் ஒரு தகர வில்லையைக் கட்டிக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். அப்போது யாரும் அவர்களிடம் தாள் கேட்கவில்லை.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் அக்காவின் பிரசவத்துக்காக அம்மா அக்கரைக்குப் போனாள். அக்காவை அங்கே சொந்தத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். பிள்ளைக்குச் சுகமில்லாமல் போனதால் அம்மா தங்கிவிட்டாள். அதற்குள் இங்கே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. எங்களில் பெரும்பாலானவர்கள் இருந்த இடத்தில் இருந்தபடியே நாடில்லாதவர்கள் ஆனோம். அக்கரையிலிருந்து வருகிறவர்கள் விசா எடுக்க வேண்டும் என்றார்கள். நானும் மனைவியும் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டோம். அதற்குப் பதில் வரும்வரை நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பம் கெட்டுப்போகும் என்று சொல்லி வைத்தார்கள். ஆகவே நானும் போய் அம்மாவைப் பார்க்க முடியாது.

அம்மா இங்கே பிறந்ததற்குச் சாட்சி கேட்டார்கள். தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம் போய் நின்றேன்.

"அந்தப் பழைய புத்தகம் இங்க இல்லப்பா. தோட்டம் கை மாறினப்ப எங்கயோ போயிருச்சு" என்றார்.

தோட்டம் கை மாறியது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. லண்டனில் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு எங்களை விற்றது. இரண்டு பேர் வந்து ஒரு வாரம் தங்கி எல்லாவற்றையும் எழுதினார்கள். கொழுந்து உருட்டுகிற எந்திரங்கள், பங்களாவின் நாற்காலிகள், சாப்பாட்டுத் தட்டுகள், தொழுவத்து மாடுகள். அதில் ஒரு தட்டுக்கூடத் தவறவில்லை. யார் யார் எங்கே பிறந்தார்கள் என்று எழுதிய புத்தகம் மட்டும் தவறிவிட்டதாம்.

ஹட்டனில் நாங்கள் சாமான் வாங்குகிற கடை முதலாளிக்கு இங்கிலீஷ் தெரியும். முஸ்லிம், நல்ல மனுஷர்; அண்ணன் என்கிற முறையில் நானா என்று கூப்பிடுவோம். அரசாங்கத்துக்குப் பெட்டிசம் எழுதக் காசு வாங்க மாட்டார். ஒருநாள் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த செத்தல் மிளகாய்ச் சாக்கைத் தட்டினார்.

"இது தூத்துக்குடியிலருந்து போன வாரம் வந்தது தம்பி. ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை, முடிஞ்சுது. உங்க உம்மாவுக்கு நான் எழுதுற ஏழாவது பெட்டிசம் இது."

"அப்ப மொளகான்னு எழுதி எடுத்துருங்க நானா" என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் விசா கிடைத்தது. மூன்று மாதம். வருகையின் நோக்கம்: உறவினரைப் பார்த்தல். ஹட்டன் ஸ்டேசனில் அம்மா தகரப் பெட்டியோடு இறங்கினாள். மெலிந்திருந்தாள். என்னைக் கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தேன். அவள் கோபமாக இருந்தாள்.

"தலைமன்னார்ல ஒரு ஐயா கேக்குறாரு, யாரப் பாக்க வந்தீங்கன்னு. நான் யாரையும் பாக்க வரலைங்க, வீட்டுக்குப் போறேன்னேன். அத பக்கத்துல இருந்தவருகிட்ட சிங்களத்துல சொல்லிச் சிரிக்கிறாரு. எனக்குச் சிங்களம் தெரியாதுன்னு நெனச்சிட்டாரு."

மூன்றாம் நாள் விடியற்காலை அவளைக் காணவில்லை. மனைவியின் பழைய கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போய், ஆள் பிரிக்கிற வரிசையில் நின்றிருக்கிறாள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா பேசிக்கொண்டிருந்தார்.

"ஒங்க பேரு செக்ரோல்ல இல்லம்மா. போங்க."

"இருந்துச்சுங்க. பன்னெண்டு வயசுலருந்து இருந்துச்சு."

"இப்ப இல்ல. விசாவுல வந்தவங்க வேல செய்யக்கூடாது."

"சரி, மலையில யாரு கொழுந்து எடுக்குறா? அங்க பாருங்க, எல்லாம் முத்திப்போயிக் கெடக்கு."

அது உண்மை. மழைக்குப் பிறகு கொழுந்து தள்ளிக்கொண்டு வந்தது. ஆள் போதவில்லை. கண்டாக்கையா அடுத்த வரிசைக்குப் போனார். அம்மா வீட்டுக்குத் திரும்பவில்லை. மனைவியோடு மலையேறி, அவள் கூடையில் பறித்துப் போட்டாள். ஒரு வாரம் அப்படி நடந்தது. அந்தக் கொழுந்து ஸ்டோருக்கு வந்து, வாடி, உருண்டு, வறுபட்டு, என் கையால் பெட்டிக்குள் போய், லண்டனுக்கும் போயிருக்கும். விஷயம் தெரிந்ததும் கண்டாக்கையா கத்தினார். மனைவிக்கு இரண்டு நாள் வேலை நிறுத்தினார்கள். மலையில் இரண்டு பேரின் கை குறைந்தது. கொழுந்து முற்றியதுதான் மிச்சம்.

விசாவை நீட்டிக்க ஒரு கடிதம் வாங்கலாம் என்று தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரையிடம் போனேன். அவர் ஆறு மாத லீவில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வராந்தாவில் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்காருவார். அவரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

"லண்டன்ல வெலை விழுந்து போச்சு. கம்பெனி புது ஆள் வேணாம் சொல்லுது" என்றார் அவருடைய தமிழில்.

"வேலை கேக்கலைங்க தொரை. இங்க பொறந்தவங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

"புஸ்தகம் இல்லை. எனக்கு எப்படி தெரியும்?"

"நீங்க வர்றதுக்கு முன்னாலயே இந்தத் தோட்டத்துல இருந்தவங்க அவங்க! என்னைக் கேளுங்க, லயத்துல எல்லாரையும் கேளுங்க!"

என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. பெரிய கிளாக்கர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். பிறகு அவரே இரக்கப்பட்டு, எங்கள் தொழிலாளி ஒருவரின் தாயார் என்று மட்டும் எழுதி துரையிடம் கையெழுத்து வாங்கித் தந்தார். அந்தக் கடிதத்தோடு அரசாங்கக் கந்தோருக்குக் கந்தோர் அலைந்தேன். ஒரு ஜன்னலில், அது பிறப்புக்குச் சாட்சி ஆகாது என்றார்கள். இன்னொரு ஜன்னலில், பிறப்பு எதற்கு, திரும்பிப் போகிற டிக்கட்டைக் காட்டு என்றார்கள். நீட்டிப்பு கிடைக்கவில்லை.

அம்மா புறப்படும் நாளில் என்னோடுதான் சண்டை பிடித்தாள்.

"ஆறு வருசமா என்னத்த எழுதுன? ஒரு தாள் வாங்கத் தெரியல ஒனக்கு."

ரயில் நகரும்வரை திட்டிக்கொண்டே இருந்தாள். பதிலுக்கு நானும், "நீ அன்னிக்கு ஏன் போன? அக்காவுக்கு மாமியார் இல்லையா?" என்று கத்தினேன். அவளிடம் நான் பேசிய கடைசி வார்த்தை அதுதான். இரண்டு வருஷம் கழித்து அக்காவிடமிருந்து தந்தி வந்தது. அனுமதி எடுத்துக்கொண்டு போவதற்குள் கருமாதிகூட முடிந்துவிடும் என்று தெரிந்ததால் நான் விண்ணப்பிக்கவே இல்லை. அன்றைக்கும் ஸ்டோருக்குப் போய்ப் பெட்டி அடித்தேன்.

எங்கள் பிரஜாவுரிமை விண்ணப்பத்தையும் தள்ளிவிட்டார்கள். மனைவியின் பெயர் இரண்டு தாளில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்ததுதான் காரணம்.

அறுபதுகளின் நடுவில் இரண்டு அரசாங்கங்களும் எங்களைப் பங்கு பிரித்துக்கொள்ள ஒப்பந்தம் செய்தன. இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே. அதுவரை போகவும் விடாமல் வரவும் விடாமல் வைத்திருந்தவர்கள், இப்போது இந்தியாவுக்குப் போகச் சம்மதமா என்று கேட்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள்.

"அங்க போயி யாரப் பாக்குறது?" என்றாள் மனைவி. "இங்கயே இருக்கோம்னு எழுதுங்க. பேர மட்டும் ஒழுங்கா எழுதுங்க."

எழுதிப் போட்டோம். பதில் வரப் பல வருஷம் ஆனது. ஏற்றுக்கொண்டார்கள். அதற்குள் அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் பிள்ளைகளை நான் இதுவரை பார்த்ததில்லை.