எண்ணெய்ச் சட்டியில் விழாத குச்சி

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் சிப்ஸ் போடுகிறவன் நான். கல்வராயன் மலையிலிருந்து வருகிற மரவள்ளிக் கிழங்கை விரல் நீளத்துக்குக் குச்சி குச்சியாக நறுக்கி, கடலை எண்ணெயில் பொரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் குலுக்கினால் அதுதான் எங்கள் குச்சி சிப்ஸ். நாலு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் ஐந்து மணிக்குக் கூட்டம் நிற்கும். கூட்டம் கிழங்குக்காக நிற்கிறது என்று நினைத்தால் தப்பு. என் வாய்க்காக நிற்கிறது.

ஒவ்வொரு ஈடு எடுத்ததும் முதல் குச்சியை நான் தின்ன வேண்டும். அதுவும் எல்லோரும் பார்க்க, ஜல்லிக்கரண்டியிலிருந்து எடுத்து, ஊதி, நறுக்கென்று கடித்து, மென்று, தலையை ஒருமுறை ஆட்ட வேண்டும். ஆட்டினால் பொட்டலம் கட்டுவேன். ஆட்டாவிட்டால் உப்போ காரமோ கம்மி என்று அர்த்தம். மறுபடி தூவிக் குலுக்குவேன். இருபது வருஷமாக இதுதான் வழக்கம். பெயர்ப்பலகை துருப்பிடித்து எழுத்தெல்லாம் போய்விட்டது, மாற்றவேயில்லை. என் தாடைதான் பலகை.

இப்படிப்பட்ட தாடையைத்தான் டாக்டர் மூடச் சொன்னார். நெஞ்சு கனக்கிறது என்று போயிருந்தேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் எண்ணெயில் பொரித்தது ஒரு துண்டுகூட வாயில் வைக்கக் கூடாது என்றார். ஒரு நாளைக்குப் பதினைந்து ஈடு போடுகிறேன், பதினைந்து குச்சிதானே என்று பேரம் பேசிப் பார்த்தேன். மாத்திரைச் சீட்டில் இன்னொரு மாத்திரை ஏறியதுதான் மிச்சம்.

எனக்கு உயிர் பயத்தைவிடக் கடை பயம்தான் ஜாஸ்தி. கடைக்காரனே தின்னாத சரக்கை யார் வாங்குவார்கள்? முதல் குச்சியை நிறுத்தினால் அடுத்த நாளே, 'பாய் எண்ணெய மாத்திட்டாரு, அதான் அவரே துன்றதில்ல' என்று பேச்சு கிளம்பிவிடும். கிளப்புவதற்கென்றே எதிர்ச்சாரியில் ஒரு மிக்சர் கடை இருக்கிறது.

இந்தச் சிக்கலை என் மனைவியிடம் சொன்னபோது அவள் கொஞ்சமும் பதறவில்லை. எண்ணெயில் போட்டால்தான் மொறுமொறுப்பு வரும் என்று எந்தக் கிதாபில் எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ஓவன் அடுப்பில் சுட்டெடுக்கலாமாம், போனில் பார்த்தாளாம். பார்ப்பதற்கு என் குச்சி மாதிரியே இருக்கும், அதைக் கைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, கரண்டியிலிருந்து எடுப்பதுபோல எடுத்துத் தின்றால் ஆயிற்று என்றாள். பொய் ஆகாதா என்றேன். வாயைத் திறந்து பேசினால்தானே பொய், நீங்கள் வாயை மூடித்தானே மெல்லப் போகிறீர்கள் என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

எங்களிடம் ஓவன் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் நோன்புப் பெருநாள் நெருங்கினால் பிஸ்கட் மாவை வீட்டில் பிசைந்து, தட்டில் அடுக்கி, பேக்கரிக்கு எடுத்துப் போவார்கள். ரொட்டி வெந்து இறங்கிய பிறகு அந்த அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டில் எல்லா வீட்டுத் தட்டும் வேகும். என் மனைவி பெருநாள் இல்லாத மாதத்தில் தட்டோடு போய் நின்றாள். மேலே துணி மூடியிருந்தது. பேக்கரிக்காரர் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது எந்தப் பெருநாளுக்கு என்று கேட்டாராம். எனக்குச் சிறு வயதிலிருந்து கூட்டாளி என்பதால் ரகசியத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் அடுப்பில் இடம் கொடுத்தார். கூலி வேண்டாம், ஆனால் பன்னில் மிளகாய் வாசனை வந்தால் தட்டு வெளியே போய்விடும் என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு பத்து நாள் என் வீடு சோதனைக்கூடம் ஆனது. கேரட் சுருங்கி விளக்குத்திரி ஆனது. பீட்ரூட் தின்ற அன்று பல்லெல்லாம் சிவந்து, வெற்றிலை பழக்கம் எப்போதிலிருந்து என்று ஒருவர் விசாரித்தார். சர்க்கரைவள்ளி ருசிதான், ஆனால் எடுத்தால் துவண்டு தொங்கியது. மரவள்ளியைப் பச்சையாகச் சுட்டதில் என் கடைவாய்ப் பல் ஒன்று ஆட்டம் கண்டது. ஒவ்வொரு முறையும் பரீட்சை ஒன்றுதான். நான் முன்னறையில் உட்கார்ந்து கடிக்க வேண்டும், அவள் அடுப்படியிலிருந்து காதைக் கொடுப்பாள். ருசியை அவள் கேட்கவே மாட்டாள்.

"சத்தம் வரலங்க" என்று குரல் வரும். மறுநாள் வேறு தட்டு போகும்.

கடைசியில் பிடித்துவிட்டாள். மரவள்ளியை அரைப்பதமாக வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, துணியில் பரப்பி, ஃபேன் காற்றில் ஈரம் போக ஆறவிட்டு, ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெயில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிசிற வேண்டும். தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்க வேண்டும், ஒட்டினால் புழுங்கிவிடும். பாதி வெந்ததும் திருப்ப வேண்டும். அன்று நான் கடித்த சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. எட்டிப் பார்த்தால், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

கடையில் வித்தை பிரமாதமாக நடந்தது. இடது உள்ளங்கையில் வீட்டுக் குச்சி, வலது கையில் கரண்டி. நறுக்கென்று கடித்துத் தலையை ஆட்டினேன். உப்பு பார்க்க முடியவில்லையே என்ற உறுத்தல் இருந்தது. இருபது வருஷக் கைக்குத் தெரியாத உப்பா என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள், குச்சியைக் கடித்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே டாக்டர் நிற்கிறார்.

"எண்ணெய்ப் பண்டம் தொடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லயா? என் கண்ணு முன்னாலயே துன்றீங்களே பாய்."

எட்டுப் பேர் சுற்றி நிற்கிறார்கள். இது எண்ணெயில் பொரித்தது இல்லை என்று சொன்னால் உடம்பு விஷயத்தில் மானம் பிழைக்கும், கடை போகும். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பெரிய டோஸ் விட்டார். விட்டு முடித்து, வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

அதில் வியாபாரம் படுக்கும் என்று பயந்தேன். நடந்தது வேறு. டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் பாயால் விட முடியவில்லையாம், அப்படி ஒரு ருசியாம். கூட்டம் இரண்டு வரிசை ஆனது. நானும் வெட்கமில்லாமல் இன்னும் சத்தமாகக் கடித்தேன்.

பேச்சு எலவனாசூர்கோட்டை வரைக்கும் போய், அங்கிருந்து என் மனைவியின் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தது. அன்று மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நேரே தங்கையிடம் போனார்.

"கட்டினவரு வாயக் கட்ட முடியல, நீ இன்னா பொண்டாட்டி? ஊரே சிரிக்குது. நாளைக்கு அவருக்கு ஒன்னு ஆச்சின்னா உன்னத்தான் கேப்பாங்க."

என் மனைவி அப்போது துணியில் கிழங்குக் குச்சிகளைப் பரப்பிக்கொண்டிருந்தாள். இது யாருக்கு, எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொரு குச்சியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கிக்கொண்டே இருந்தாள். என் கடையைக் காப்பாற்ற அவள் பேரைக் கெடுத்துவிட்டேனே என்று அவமானமாக இருந்தது.

சாயங்காலம் முதல் ஈடு எடுத்ததும், வீட்டு டப்பாவைக் கல்லாவுக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்க வைத்தேன்.

"ஒரு விஷயம் சொல்லணுங்க. ஒன்னர மாசமா நான் துன்னது இந்த டப்பாவுல இருக்கறது. ஓவன்ல சுட்டது. சட்டியில இருந்து ஒன்னுகூட வாயில வைக்கல. என் சம்சாரம் என் வாய நல்லாத்தான் கட்டி வச்சிருக்கு. நான்தான் உங்கள ஏமாத்தினேன்."

எதிர்ச்சாரி மிக்சர் கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை செய்கிறவர் ஒருவர், வாரம் தவறாமல் வருகிறவர், முன்னால் வந்தார்.

"அப்ப உப்பு யாரு பாத்தது?"

யாரும் பார்க்கவில்லை என்றேன்.

"அதான பாத்தேன். ஒரு மாசமா உப்பு ஜாஸ்தி பாய். நீங்க ரசிச்சித் துன்னுகினு நிக்கறதப் பாத்து, என் நாக்குதான் கெட்டுப்போச்சின்னு நெனச்சிகினு இருந்தேன்."

பின்னால் நின்ற இரண்டு பேர் தங்களுக்கும் அப்படித்தான் என்றார்கள். ஒருவர் நாக்கைக் காட்ட டாக்டரிடமே போய் வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. தங்கள் நாக்கைவிட என் தலையாட்டலை நம்பியவர்களை அல்லவா ஏய்த்திருக்கிறேன்.

அந்த ஈட்டின் முதல் குச்சியை ஆலைக்காரரிடம் நீட்டினேன். அவர் ஊதி, கடித்து, வேண்டாம் என்பதுபோலத் தலையை இரு பக்கமும் ஆட்டினார். அந்த ஈட்டை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்ததில் உப்பைக் குறைத்தேன். அப்புறம் அவர் கேட்காமலே டப்பாவுக்குள் கைவிட்டு வீட்டுக் குச்சி ஒன்றை எடுத்து வாயில் போட்டார். இன்னொன்று எடுத்தார். இது விற்பனைக்கு இல்லை என்று நான் மூடியைப் போட வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் பேரைச் சொல்லி ஊர் முன்னால் பேசியதையும் சொன்னேன். டப்பாவில் மிச்சமிருந்ததை நான் கடையிலேயே தின்று தீர்த்திருந்தேன். அவள் காலி டப்பாவை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"ஆலைக்காரரு நம்ம குச்சியக் கடிக்கும்போது சத்தம் வந்துச்சாங்க?" என்றாள்.