தொண்டைக்கு இறங்கிய எண்ணெய்

என் மாமனார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடது காது அடைக்கிறது என்றார். அழுக்குதான் என்று நினைத்து, தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாக்கிக் காதில் விட்டேன்.

"இன்னாமா, எண்ணெ தொண்டையில இறங்குது?" என்றவர், தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். கிண்ணத்தோடு அப்படியே நின்றேன்.

பக்கத்து ஊரான பங்காருபேட்டையில் காது டாக்டர் பார்த்தார். செவிப்பறையில் பழைய ஓட்டையாம்; எண்ணெய் அது வழியாகத்தான் இறங்கியதாம், அந்தக் காது பல வருஷமாகவே சரியாகக் கேட்காதாம். சீழ் பிடிக்காமல் தப்பித்தார்.

"ஏன் மாமா சொல்லல?"

"வெடி வெச்சப்போ போனது. மைன்ஸ்ல எல்லாருக்கும் அப்டித்தாம்மா. சொல்றதுக்கு இன்னா இருக்குது?"

இப்போது எங்கள் வீட்டில் யார் காதிலும் எண்ணெய் விடுவதில்லை, டாக்டரிடம்தான் போகிறோம். மாமாவுக்கு வலது பக்கம் நின்று பரிமாறுகிறேன். இத்தனை வருஷமும் இடது பக்கம் நின்றுதான் பேசினேன். அவரும் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார்.