விளக்கின் மேல் பாதி

1. சாம்பல் பட்டை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் செய்த முதல் வேலை, ஒரு பஸ்ஸின் ஹெட்லைட்டைத் துடைத்தது. அந்த ஒரு வேலையைச் செய்யாமல் இருந்திருந்தால், அதற்குப் பிறகு முப்பது வருஷம் பார்த்த வேலைகளைப் பற்றிக் கொஞ்சம் தலைநிமிர்ந்தே எழுதியிருப்பேன்.

யுத்தத்துக்கு நாலைந்து வருஷம் முந்திய சங்கதி இது. தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. நான் சேர்ந்த கம்பெனிக்கு நாலு பஸ்கள். தகரக் கொட்டகை ஒன்று இருந்தது, அதற்கு ஒர்க்‌ஷாப் என்று பெயர். சென்னையில் ஒரு மோட்டார் ஷெட்டில் இரண்டு வருஷம் எலெக்ட்ரிக் வேலை பழகிவிட்டு வந்தவன் நான். வயது இருபத்து நாலு. டைனமோ, கட்-அவுட், பாட்டரி மூன்றும் எனக்கு அத்துப்படி. எனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்களுக்குத் தெரியாது என்பதும் அத்துப்படி.

அன்று ஷெட்டில் மாரண்டஹள்ளி லைன் வண்டி நின்றது. இரண்டு ஹெட்லைட் கண்ணாடிகளிலும் மேல் பாதியில் சாம்பலைக் குழைத்துக் கனமாகப் பூசியிருந்தார்கள். சிவன் கோயில் வாசலில் நிற்கிற ஆளைப்போல இருந்தது வண்டி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்தேன். அதோடு விட்டேனா? ரிப்ளெக்டரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் விளக்குக் கரியைக் குழைத்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். புது பல்பு போட்டு, போகஸ் திருப்பி வைத்தேன். சாயங்காலம் போட்டுப் பார்த்தபோது, வெளிச்சம் ரோட்டுக் கடைசியில் இருந்த புளியமரத்தின் கிளை வரைக்கும் போய் நின்றது. முதலாளி வந்து பார்த்தார்.

"பரவால்லயே. மெட்ராஸ் வேலைன்னா மெட்ராஸ் வேலைதான்" என்றார். இந்த வார்த்தை போதாதா எனக்கு?

அந்த வண்டியின் டிரைவர் முனிராஜு. மாரண்டஹள்ளிக்காரர். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் எல்லோரிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். கடைசி டிரிப் எடுக்க வந்தவர் விளக்கைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மேஸ்திரி, லைட்டுல இருந்த சாம்பல நீங்கதான் தொடச்சீங்களா?"

"ஆமாங்க டிரைவரே. லைட்டுக்கு எதுக்குங்க பட்டை? பக்தியெல்லாம் நெத்தியில வெச்சுக்குங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சாமிக்கு இல்லீங்க. வூட்டு அடுப்புச் சாம்பல்தான் அது. ஏறுறப்ப அதைத் தொட்டு நெத்தியில வெச்சுக்கிற ஆயாங்களும் உண்டு, நான் ஒண்ணும் சொல்றதில்ல. சந்தைக்குப் போற கட்டை வண்டிங்க எதுத்தாப்புல வருதுங்களே, அந்த மாட்டுக்குக் கூசுதுங்க. ஓட்டுறவனுக்கும் கண்ணு தெரியறதில்ல. மேல் பாதிய மறைச்சுட்டா நமக்கு ரோடு தெரியும், அவுங்களுக்கும் கூசாது" என்றார்.

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. எனக்குப் புரியவில்லை என்று இன்று நான் சொன்னால் அது பொய். நன்றாகவே புரிந்தது. புத்தகத்தில் இல்லாததை ஒரு டிரைவர் சொல்கிறாரே என்பதுதான் உறுத்தியது. முதல் நாள் தேய்த்துத் தேய்த்து வாங்கிய நல்ல பெயர், அடுப்புச் சாம்பலுக்கு அடியில் போய்விடுமே என்று வேறு பயம்.

அவர் மறுநாள் மறுபடியும் பூசிக்கொண்டு வந்தார். நான் நேராக முதலாளியிடம் போய், "பாசஞ்சருங்க சிரிக்கிறாங்க, கம்பெனி பேரு கெடுதுங்க" என்று சொன்னேன். ஒரு பாசஞ்சரும் சிரித்ததை நான் பார்த்ததில்லை. முதலாளி முனிராஜுவைக் கூப்பிட்டு, இனிமேல் லைட்டில் ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்.

2. அணைத்தால் இவருக்கு, போட்டால் அவர்களுக்கு

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்போது எல்லா வண்டியிலும் டிப்பர் இருக்கிறது. எதிரில் ஆள் வந்தால் சுவிட்சை மிதிக்கிறோம், வெளிச்சம் தாழ்கிறது. எங்கள் வண்டிகளில் அது கிடையாது. விளக்கு எரியும், இல்லாவிட்டால் அணையும். நடுவில் எதுவும் இல்லை.

ஆகவே, முனிராஜு எதிரில் கட்டை வண்டி வரும்போதெல்லாம் விளக்கை அணைத்து, அது தாண்டியதும் மறுபடி போட்டு ஓட்ட ஆரம்பித்தார். ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்தார்.

"மேஸ்திரி, அணைச்சா எனக்கு ரோடு தெரியல. போட்டா அவுங்களுக்குத் தெரியல. நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

"ஹாரன் அடிங்க" என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கையில் ஒரு டைனமோ பிரஷ் இருந்தது. அதை அப்போது பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று ஒன்றுமில்லை.

அவர் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு விளக்கைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

3. ஏரிக்கரை

மாதம் ஒன்று ஆகவில்லை. கடைசி டிரிப், பொழுது சாய்ந்து இருட்டுகிற நேரம். பாலக்கோடு தாண்டி ஒரு ஏரிக்கரை மேலே ரோடு போகும். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளம். மாதப்பன் என்பவர் காய்கறி மூட்டைகளோடு கட்டை வண்டியில் எதிரில் வந்தார். முனிராஜு வழக்கம்போல விளக்கை அணைத்தார். கரை வளைகிற இடம் அது. ரோடு கண்ணுக்குத் தெரியாமல் போகவே, தண்ணீரில் இறங்கிவிடுவோமோ என்று பயந்து மறுபடி போட்டார். அதற்குள் கட்டை வண்டி பத்தடி தூரத்தில் வந்துவிட்டது. மொத்த வெளிச்சமும் மாடுகளின் முகத்தில் அடித்தது. மிரண்ட மாடுகள் வண்டியை இழுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கின. ஒரு மாடு அங்கேயே செத்தது. மாதப்பனின் வலது கால்மேல் சக்கரம் ஏறிவிட்டது.

பஸ் கட்டை வண்டியைத் தொடவே இல்லை. முனிராஜு பாசஞ்சர்களை இறக்கிவிட்டு, மாதப்பனைத் தூக்கி சீட்டில் கிடத்தி, வண்டியைத் திருப்பி தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

சேதி ஷெட்டுக்கு வந்ததும், எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நான் போகவில்லை. வண்டியின் ஹெட்லைட்டைத்தான் போய்ப் பார்த்தேன். கண்ணாடி சுத்தமாக, நான் துடைத்தபடியே இருந்தது.

4. சாட்சி

ஓடுகிற வண்டியில் விளக்கை அணைத்தார் என்று முனிராஜுமேல் கேஸ். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. சாம்பல் பூசியிருந்ததையும், மேஸ்திரி துடைத்ததையும், முதலாளி பூசக் கூடாது என்றதையும், அதனால்தான் அணைக்க வேண்டி வந்தது என்பதையும் அப்படியே சொல்லிவிட்டார். ஆகவே என்னை சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அவருடைய லைசென்ஸ் என் ஒரு வார்த்தையில் தொங்கியது.

முந்தின நாள் முதலாளி என்னை வீட்டுக்கு வரச் சொன்னார்.

"நீ தொடச்சேன்னு சொன்னா, நான் சொல்லித்தான் பூசலைன்னு ஆவும். கம்பெனி லைட்டுமேல குத்தம் வந்தா பர்மிட்டு நிக்காது. நாலு வண்டியும் நின்னா எத்தன குடும்பம் நடுத்தெருவுக்கு வரும், யோசிச்சுப் பாரு. அவன் ஒருத்தன்தானே? ஆறு மாசம் கழிச்சு நானே பாத்துக்கறேன்."

அவர் என்னை மிரட்டவில்லை. அடிக்கவில்லை. அவர்மேல் பழி போட எனக்கு வழியில்லை. அவர் சொல்வதற்கு முன்பே நான் முடிவு செய்திருந்தேன்.

மாஜிஸ்ட்ரேட் கேட்டார்: "வண்டியின் விளக்குகளில் சாம்பல் பூசியிருந்ததா?"

"நான் பாக்கலைங்க."

"நீர் எதையாவது துடைத்தீரா?"

"இல்லீங்க. லைட்டு கரெக்டா இருந்துதுங்க."

முனிராஜு என் பக்கம் திரும்பவே இல்லை. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் பொய் சொல்லித் தப்பப் பார்த்தார் என்று தீர்ப்பாயிற்று. லைசென்ஸ் ரத்து. முதலாளி ஆறு மாசமும் பார்க்கவில்லை, ஆறு வருஷமும் பார்க்கவில்லை. நான் ஞாபகப்படுத்தவும் இல்லை.

5. கறுப்பு பெயிண்ட்

அதற்கப்புறம் நான் செய்ததுதான் எல்லாவற்றிலும் கேவலம். தீர்ப்பான வாரமே, நாலு வண்டிகளின் ஹெட்லைட்டிலும் மேல் பாதிக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்தேன். சாம்பல் என்றால் மானக்கேடு. பெயிண்ட் என்றால் டெக்னிக். ரிப்ளெக்டரையும் ஸ்க்ரூ தளர்த்திக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தேன். எதிரில் போய் நின்று பார்த்தேன். கண் கூசவில்லை. முனிராஜு சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

வண்டிகளைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "யாருய்யா இதைச் செஞ்சது? எல்லாரும் இந்த மாதிரி அடிக்கணும்" என்றார்.

"நம்ம மேஸ்திரிதாங்க. மெட்ராஸ்ல படிச்சவரு" என்றார் முதலாளி.

நான் தலையாட்டினேன். பிறகு மற்ற கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துப் போனார்கள். லாரிக்காரர்கள் வந்தார்கள். என்னை ஹெட் மெக்கானிக் ஆக்கினார்கள். கறுப்பு அடித்த மேஸ்திரி என்றே எனக்குப் பெயராயிற்று. முதலில் கூசியது, அப்புறம் பழகிவிட்டது. பழகியதைச் சொல்லத்தான் இன்னும் கூசுகிறது.

6. மாரண்டஹள்ளி

யுத்தம் வந்தது. பெட்ரோல் இல்லை, பஸ்கள் கரியை எரித்து எடுக்கிற காஸில் ஓடின. டிரைவர்கள் பலர் மிலிட்டரிக்குப் போய்விட்டார்கள். ஒரு நாள் முதலாளி, "அந்த முனிராஜு எங்க இருக்கான், பாத்துக் கூட்டிட்டு வா. லைசென்ஸுக்கு எழுதிப் போடலாம்" என்றார். ஆள் தேவைப்பட்டதும் ஞாபகம் வந்துவிட்டது. நானே போகிறேன் என்றேன். நடந்ததை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று பஸ்ஸில் போகும்போது வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன்.

சந்தைத் திடலில் ஒரு கட்டை வண்டியிலிருந்து அவரைக்கொட்டை மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார் முனிராஜு. தலை பாதி நரைத்துவிட்டது. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கின்மேல், கக்கத்தில் கட்டையைச் சாய்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் வேட்டி மடிந்து கிடந்தது. மாதப்பன் என்று தெரிந்துகொள்ள எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முனிராஜுவைச் சற்றுத் தள்ளிக் கூப்பிட்டு முதலாளி சொன்னதைச் சொன்னேன்.

"வண்டி அவரோடதுங்க. இத்தன வருஷமா நான்தான் ஓட்டிக் குடுக்கறேன். அவருக்கு ஆம்பளப் பசங்க இல்ல. நான் பஸ்ஸுக்கு வந்துட்டா யாரு ஓட்டுவாங்க? வேணாங்க" என்றார்.

"உங்க தப்பு ஒண்ணும் இல்லையே, டிரைவரே. நான்தான் தொடச்சேன்னு அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்தாங்க. சொல்லியிருந்தா நான் பஸ் ஓட்டிக்கிட்டு இருந்திருப்பேன். இப்பச் சொல்றது யாருக்குங்க?"

சத்தம் உயரவில்லை. மணி கேட்டவனுக்கு மணி சொல்கிற மாதிரிதான் சொன்னார். அப்போது மாதப்பன் அங்கிருந்தே, "யாரு முனிராஜு, வந்திருக்கறது?" என்று கேட்டார்.

முனிராஜு என்னை ஒரு தரம் பார்த்தார். "பஸ் கம்பெனி மேஸ்திரிங்க. லைட்டுக்குக் கறுப்பு அடிக்கறாரே, அவரு."

மாதப்பன் கட்டையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"நீங்கதானுங்களா அது? இப்பல்லாம் பஸ்ஸு வந்தா மாடு மெரள்றதே இல்லீங்க. என் காலு போனாலும் போச்சு, அப்புறம் இந்த ரோட்டுல ஒருத்தனுக்கும் அப்படி ஆவலைங்க. நீங்க நல்லா இருக்கணும்."

சொல்லிவிட்டு மூட்டையைப் பிரித்து, வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, என் துண்டை வாங்கி இரண்டு கை அவரைக்கொட்டை அள்ளிப் போட்டு முடிந்து கொடுத்தார். நான் வாய் திறந்திருக்கலாம். முனிராஜு பக்கத்திலேயே நின்றார், தடுக்கவில்லை. அவர் காத்திருந்தார் என்றே இப்போது நினைக்கிறேன். நான் முடிச்சை வாங்கிக்கொண்டு, "வரேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகள் எலெக்ட்ரிக் வேலையை எங்கே வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். என்னிடம் கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான்: ஓட்டுகிறவன் ஒன்று சொன்னால் கையில் இருக்கும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். தப்புச் செய்துவிட்டால், கேட்கிற இடத்தில், கேட்கிற அன்றைக்கே சொல்லிவிடுங்கள். எனக்கு அதற்கு இரண்டு தடவை வாய்ப்புக் கிடைத்தது. முதல் தடவை பொய் சொன்னேன், இரண்டாம் தடவை வாயை மூடிக்கொண்டேன். இப்போது அவர்கள் இருவரும் இல்லை, எழுதுகிறேன்.

மாரண்டஹள்ளியிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் என் மனைவி அந்த அவரைக்கொட்டையைப் போட்டுக் குழம்பு வைத்தாள். எங்கே வாங்கினீர்கள், இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று கேட்டாள். சந்தையில் ஒருத்தர் கொடுத்தார் என்றேன். இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.