மோஸ்தாரில் இருக்கும் கருப்பையா

கண்ணுசாமி பேச்சை யார் எடுத்தாலும் கருப்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். ஒன்பது வருஷமாக இதே வழக்கம். தான் ஏற வேண்டிய கப்பலில் அவன் ஏறிப் போய்விட்டான் என்பது அவருடைய ஆத்திரம்.

திருமயம் பக்கத்தில் பெரியகருப்பன் செட்டியார் வீட்டில் இருவரும் சமையல். கருப்பையாவுக்குப் பெரிய அடுப்பு, மூன்று வயது இளையவனான கண்ணுசாமிக்குச் சின்ன அடுப்பு. 1957இல் செட்டியார் ஒரு வியாபாரக் குழுவோடு யுகோஸ்லாவியாவுக்குப் புறப்பட்டார். ரசம் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. கருப்பையா கூடப் போவதென்று முடிவாகி, அவர் பெயரும் அந்த நாட்டுக்கு எழுதிப் போயிற்று. ஒருத்தர் நின்றால் இன்னொருத்தர் இருக்கட்டும் என்று இருவருக்கும் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார் செட்டியார்.

பங்குனியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. கருப்பையாவுக்குப் பால்குட வேண்டுதல் நிலுவையில் இருந்தது.

"கப்பல் எப்படா?"

"சித்திரையிலதாண்ணே. தாராளமாக் கட்டிக்கங்க" என்றான் கண்ணுசாமி.

கட்டிக்கொண்டார். மறுநாள் காலையில் செட்டியார் கூப்பிட்டு, நாளைக்கே பம்பாய்க்கு ரயில் என்றார். காப்புக் கட்டியவன் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி இராத் தங்கக்கூடாது. செட்டியார் அவர் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். "கட்டிட்டியா? அப்பக் கண்ணுசாமி கெளம்பட்டும்."

மூன்று மாதம் கழித்துத் திரும்பியவன் டீக்கடையில் உட்கார்ந்தால் கூட்டம் கூடிவிடும்.

"மோஸ்தார்னு ஒரு ஊரு. காளைத் திமில் கணக்கா தூக்கி நிக்குது கல்லுப் பாலம். அதுல இருந்து எளவட்டங்க ஆத்துல குதிக்கிறாங்க. இன்னொரு எடத்துல பழைய மடம். நம்ம சித்தன்னவாசல் மாதிரி செவுரு பூராச் சித்திரம். எந்தப் பாவியோ சாமி கண்ண மட்டும் சொரண்டி வச்சிருக்கான்."

"சாப்பாடு?" என்பான் ரெங்கசாமி.

"மோஸ்தார்ல ஹனிபான்னு ஒரு அம்மா வீட்டுலதான் எட்டு நாள் தங்கினோம். முட்டைக்கோஸ் எலையில அரிசியும் கொத்துக்கறியும் வச்சுச் சுருட்டி வேக வைப்பாங்க பாரு! காப்பிதான் ஆகாது. பாதி டம்ளர் சக்கைதான்."

"ஒன் ரசத்தைக் குடிச்சிட்டு அந்தம்மா என்னய்யா சொன்னுச்சு?"

"என்னத்தச் சொல்றது? கண்ணுல தண்ணி விட்டுச்சு. மறுநாளும் கேட்டுச்சு."

இதையெல்லாம் கருப்பையா பக்கத்துச் சைக்கிள் கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்பார். செட்டியார் வீட்டு வேலையை விட்டு, கல்யாணச் சமையலுக்குப் போக ஆரம்பித்திருந்தார்.

1966 ஐப்பசியில் கண்ணுசாமி மஞ்சள் காமாலையில் படுத்தான். அவன் பெண்சாதி மூக்காயி வந்து இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாம் தடவை கருப்பையா போனார். உட்காரவில்லை.

"நீங்க காப்புக் கட்டுறதுக்கு மொத நாளே கப்பல் தேதி கடுதாசியில வந்துருச்சுண்ணே. கணக்கப்பிள்ளை படிச்சதை நான் கேட்டேன். தெரிஞ்சுதான் ஒங்களக் கட்டிக்கச் சொன்னேன்."

"அதைச் சொல்ல ஒனக்கு ஒம்பது வருசமாடா?"

"இன்னொண்ணும் இருக்கு. அந்த நாட்டுல எனக்கு ஒங்க பேருதான். மொதல்ல போன லிஸ்ட்டுல இருந்த பேரு. மாத்தினா நாளாகும், அப்படியே இருந்துட்டுப் போன்னுட்டாரு செட்டியாரு. எங்க போனாலும் கருப்பையா, கருப்பையான்னுதான். நல்லாச் சமைச்ச அன்னிக்கெல்லாம் பேரு ஒங்களுக்குத்தான்."

"கெட்டுப்போன அன்னிக்கு?"

"அதுவும் ஒங்களுக்குத்தான்."

கருப்பையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கண்ணுசாமி தலையணைக்கு அடியிலிருந்து மடிப்புக் கிழிந்த ஒரு காகிதத்தை எடுத்தான். ஹனிபா தன் கையால் எழுதிக் கொடுத்த விலாசம்.

"மிளகு ஒரு படி அனுப்புறேன்னு அந்தம்மாவுக்குக் கையடிச்சுக் குடுத்துட்டு வந்தேன். என் பேரப் போட்டா அவுகளுக்கு யாருன்னு தெரியாது. ஒங்க பேர எழுத எனக்குக் கை வரலை. நீங்க அனுப்பிருங்கண்ணே. கருப்பையான்னு போட்டு."