குழியானைக்குக் கட்டிய தோரணம்

என் அண்ணனுக்கு இங்கிலீஷ் காதில் விழுந்தால் போதும், தலை தானாக ஆடிவிடும். எதிரே நிற்பவர் வாழ்த்துகிறாரா வைகிறாரா என்றெல்லாம் அவனுக்குக் கவலை கிடையாது. "எஸ் சார், எஸ் மேடம்" என்று ஆட்டிக்கொண்டே நிற்பான். ராஜபாளையத்தில் பஞ்சுக் கமிஷன் கடை வைத்திருந்தவன். கடைக்குப் பஞ்சு கொண்டுவருகிற சம்சாரியை ஒரு மூட்டைக்கு ஒன்பது கேள்வி கேட்டுக் குடைவான். இங்கிலீஷைக் கண்டதும் அந்தக் கேள்வியெல்லாம் எந்தப் பொந்துக்குள் போய் ஒளியுமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்தத் தலையாட்டிதான் தன் மூத்த மகளை, ஐந்து வயதுப் பிள்ளையை, புதிதாக முளைத்த இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மாடியில் தகரக் கூரை இறக்கி, வாசல் சுவரில் ஒரு வாத்தும் ஒரு முயலும் வரைந்துவிட்டால் கான்வென்ட் தயார். இந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமை மேடம் பெங்களூரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே என்ன கற்றாரோ தெரியாது. தமிழைக் கேட்டால் மூக்கைச் சுளிக்க மட்டும் நன்றாகக் கற்றிருந்தார்.

சேர்ந்த முதல் வாரமே, தண்ணீர் வேண்டும் என்று பிள்ளை தமிழில் கேட்டிருக்கிறாள். அதற்கு வாயில் பிளாஸ்திரி ஒட்டி, வகுப்புக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். அன்றைக்கு மூடிய வாய்தான். வீட்டில் அவள் வாய் ஓயாது. எங்கள் எல்லாரையும் பேசியே கிறுக்காக்குவாள். பள்ளிக்கூட வாசலை மிதித்ததும் ஊமை. "பள்ளிக்கூடத்துல போய்ப் பேசுடா" என்று அண்ணனிடம் சொன்னேன். "டிசிப்ளின்ட்டி அது, உனக்குத் தெரியாது" என்றான். டிசிப்ளினாம். அவன் மூஞ்சி.

வருஷம் முடிகிற நேரத்தில் ஓர் உத்தரவு வந்தது. 'ஷோ அண்ட் டெல்' என்று ஒரு விழா. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பிராணியைக் கொண்டுவந்து காட்டி, பெற்றோர் முன்னால் இங்கிலீஷில் பேசவேண்டும். எங்கள் பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டம்: அன்றைக்கு ஒரு வார்த்தையாவது இங்கிலீஷில் பேசினால் ஒன்றாம் வகுப்பு, இல்லாவிட்டால் மறுபடியும் அதே பெஞ்சு. அண்ணன் தலையாட்டிவிட்டு வந்து, என் தலையில் கட்டினான். மதினி இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். வீட்டில் இருந்த பொம்பளை நான் ஒருத்திதான்.

நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். பிள்ளைக்கு லீவு விட்ட ஒரு நாளில் கூட்டிக்கொண்டு போனேன். கோர்ட்டுக்குப் பின்பக்கம், சாரல் அடிக்காத சுவரோரத்தில், மாவாய் உதிர்ந்த மண் கிடக்கும். அதில் புனலை அமுக்கி எடுத்ததுபோலச் சின்னச் சின்னக் குழிகள். ஒரு எறும்பைப் பிடித்து விளிம்பில் விட்டேன். எறும்பு சறுக்கியது. அடியிலிருந்து ஏதோ ஒன்று மண்ணை வாரி அடித்தது. எறும்பு உள்ளே போனது. பிள்ளை குப்புறப் படுத்துவிட்டாள்.

குழியோடு மண்ணை அள்ளி உள்ளங்கையில் வைத்து ஊதினேன். துவரம்பருப்பு அளவில், மண் நிறத்தில், வயிறு பெருத்த ஒரு பூச்சி மிஞ்சியது. "இதுதான் குழியானை" என்றேன். அது பின்பக்கமாகவே நடந்து அவள் விரலிடுக்கில் புகப் பார்த்தது.

"அத்தை, இது ஏன் ரிவர்ஸ்லயே போவுது?"

"அதுக்கு முன்னால போகத் தெரியாதுடி."

"இதத்தான் நான் ஸ்கூலுக்குக் கொண்டு போவேன்" என்றாள். வீட்டுக்கு வரும் வரை அதே பேச்சு. ஒரு ஜூனியர் வக்கீலிடம் இங்கிலீஷில் இதற்கு என்ன பெயர் என்று விசாரித்து, 'ஆன்ட் லயன்' என்று சொல்லிக்கொடுத்தேன். பிள்ளை ஒப்பவே இல்லை. "லயன்னா சிங்கம். இது சிங்கம் இல்ல அத்தை, யானை" என்று ஒரே பிடிவாதம். வெள்ளைக்காரன் அதைச் சிங்கம் என்று எதைப் பார்த்துச் சொன்னானோ, எனக்கும் பிடிபடவில்லை. சரி, யானை என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். 'திஸ் இஸ் மை அனிமல்' என்ற ஒரு வரியை மட்டும் ராத்திரிச் சாப்பாட்டோடு சேர்த்து ஊட்டினேன். வீட்டில் மணிமணியாகச் சொன்னாள்.

இதற்குள் நடந்த கூத்து எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகளை வீட்டில் கொண்டுவந்து விடுகிற ஆயாவிடம், தெருவில் வரும்போது இவள் வாயளந்திருக்கிறாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்த வாய். ழகரம் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே வராது. "அத்தை சீவில்லிபுத்தூர்ல இருந்து குயியான கொண்டு வாராக" என்றிருக்கிறாள். ஆயா காதில் அது 'கோயில் யானை' என்று விழுந்துவிட்டது. ஊர்ப்பெயர் ஸ்ரீவில்லிபுத்தூர், கோயிலும் யானையும் உள்ள ஊர், பிறகு எதற்குச் சந்தேகம்? ஆயா போய் மேடத்திடம் ஒப்பித்தாள்.

ஆயாவை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஒரு டைப்பிஸ்ட் கேட்டால் கோயில் யானையை அவிழ்த்து ராஜபாளையத்துக்கு அனுப்புவார்களா என்று, பெங்களூர் வரை போய்வந்த மூளைக்கு அல்லவா தோன்றியிருக்கவேண்டும்? மேடம் அண்ணனைக் கூப்பிட்டு இங்கிலீஷில் கேட்டிருக்கிறார், யானை வருவது உண்மைதானா, முன் கேட் வழியாக வருமா என்று. நம்ம ஆள் எல்லாவற்றுக்கும் "எஸ் மேடம்". வீட்டுக்கு வந்து என்னிடம், "மேடம் உன்னைய ரொம்பப் பெருமையாப் பேசுனாங்கட்டி" என்று வேறு பீற்றிக்கொண்டான். புரிந்த லட்சணம் அவ்வளவுதான்.

விழாவுக்கு முந்தின நாளே கார்பன் பேப்பர் வந்த தட்டையான அட்டைப்பெட்டியில் சலித்த மண்ணை நிரப்பி, கோர்ட்டில் பிடித்த குழியானைகளை விட்டுவைத்தேன். மறுநாள் குழிகள் கலையாமல் மடியில் ஏந்திக்கொண்டு, பிள்ளையோடு ரிக்‌ஷாவில் போனேன். பள்ளிக்கூட கேட்டின் இரண்டு கதவும் அகலத் திறந்திருந்தன. மேலே மாவிலைத் தோரணம். ஓரத்தில் ஒரு வாழைத்தார், ஒரு கட்டுக் கரும்பு. மில்காரர் வீட்டு ஆட்களுக்கு முன்வரிசையில் சோபா. போட்டோக்காரர் ஒருவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ மந்திரி வருகிறார் போல என்று நினைத்தேன்.

ஒரு பையன் வெள்ளை நாய்க்குட்டியைக் காட்டி நாலு வரி ஒப்பித்தான். குட்டியை அவன் வீட்டுக் கார் டிரைவர் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருத்தி கூண்டுக் கிளியோடு வந்து, கிளி பேசிய அளவுக்கும் பேசாமல் போனாள். எல்லாவற்றுக்கும் கைதட்டல். எங்கள் முறை வந்ததும் மேடம் மைக்கைப் பிடித்து ஏதோ நீளமாக அறிவித்தார். பெட்டி சாயாமல் பிடிப்பதிலேயே இருந்த என் காதில் அது ஏறவில்லை. சனம் மொத்தமும் கேட் பக்கம் திரும்பியது. நானும் பிள்ளையும் அட்டைப்பெட்டியோடு மேடை ஏறினோம்.

"யானை எங்க? பின்னால வருதா?" என்றார் மேடம். அவசரத்தில் தமிழ் வந்துவிட்டது.

"இதுலதான் இருக்கு" என்று பெட்டியைத் திறந்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முன்வரிசையில் யாரோ, "மண்ணைக் கொண்டு வந்திருக்காக!" என்றதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்போதுதான் தோரணமும் கரும்பும் யாருக்கு என்று எனக்கு உறைத்தது. எனக்கும் சிரிப்பு பீறிட்டது. அடக்க நான் முயலவே இல்லை.

மேடத்தின் முகம் சுண்டிவிட்டது. தான் ஏமாந்ததை ஒப்புக்கொள்ள வக்கில்லை. ஐந்து வயதுப் பிள்ளை மேல் பாய்ந்தார். மைக் திறந்தபடியே இருந்தது. இவள் பொய் சொல்லி எல்லாரையும் ஏமாற்றிவிட்டாள் என்று இங்கிலீஷில் பொரிந்தார். பிறகு கீழே நின்ற அண்ணனைப் பார்த்து, "யுவர் டாட்டர் இஸ் எ லையர்!" என்றார்.

"எஸ் மேடம்" என்றான் அண்ணன்.

பெற்ற பிள்ளையை ஊர் முன்னால் பொய்க்காரி என்கிறாள் ஒருத்தி, இவன் தலையை ஆட்டுகிறான். பிள்ளை அப்பனையே பார்த்தாள். உதடு பிதுங்கியது. நான் ஊட்டிய ஒரு வரி இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. ஒன்றாம் வகுப்பு அவ்வளவுதான் என்று நானும் முடிவுகட்டிவிட்டேன்.

மேடம் ஆயாவைக் கூப்பிட்டு, பெட்டியை வெளியே கொட்டச் சொன்னார். ஆயா தயங்கித் தயங்கி வந்தாள். பிள்ளை பெட்டியின் மேல் இரண்டு கையையும் விரித்து மறித்தாள். மேடம் மைக்கை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஸே சாரி! ஸே, ஐ டோல்ட் எ லை!"

"நோ மிஸ்" என்றாள் பிள்ளை.

பிளாஸ்திரி ஒட்டிய நாளுக்குப் பிறகு அந்தக் குரலை அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. மைக் வழியாகத் தெருமுனை வரைக்கும் போனது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்தினார்கள்.

"வாட்?" என்றார் மேடம்.

"நோ மிஸ்! நோ மிஸ்! நோ!" கண்ணீர் வழிய, மூக்கு ஒழுக, கத்தினாள். "திஸ் இஸ் மை அனிமல்!"

சேலைத் தலைப்பால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டேன். பிறகு, மேடத்தின் கையிலிருந்த மைக்கை என் பக்கம் இழுத்து, சோபாக்காரர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"இங்கிலீஷ் பேசிட்டா மேடம். எல்லாரும் கேட்டாக. ஒண்ணாங்கிளாஸ் புஸ்தகம் வாங்க என்னைக்கு வரட்டும்?"