கூடப் பாடக் கூடாது

போன சனிக்கிழமை சாயங்காலம் என் புறங்கையில் ஊதா மையில் ஒரு ஆந்தையைக் குத்தினார்கள்.

பல்கலைக்கழகத்துக்கு எதிரே ஒரு கஃபே. உள்ளே போகிற எல்லோருக்கும் அந்த முத்திரை உண்டு. வாசலில் நின்றவர் எங்கள் மூன்று பேரின் நரைத்த தலைகளையும் பார்த்துவிட்டு, "அங்கிள், இன்னிக்கு லைவ் மியூசிக். ரொம்ப சத்தமா இருக்கும்" என்று இந்தியில் எச்சரித்தார்.

பாடப்போவதே என் மகள்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

ஜெனி எம்.ஏ. படிக்கிறாள். செகந்திராபாத்தில் வீடு இருந்தும் ஹாஸ்டல் வாசம். எங்கள் சர்ச் கொயரில் பாடிக்கொண்டிருந்தவள், ஹாஸ்டலுக்குப் போனதும் அதை விட்டுவிட்டாள். அவள் பாடி நான் கேட்டு ரொம்ப நாளாகிறது. எனக்கு அது பெரிய குறை. இப்போது சிநேகிதர்களோடு பேண்ட் வைத்திருக்கிறாள், சனிக்கிழமை முதல் ஷோ என்று அவள் அம்மா மூலமாகத்தான் தெரிந்தது. போன் பண்ணினேன்.

"நான் வரலாமா?"

ஹைதராபாத் பழக்கத்தில் அவளுக்கு ஆமாம் என்றால் 'ஹவ்', வேண்டாம் என்றால் 'நக்கோ'.

"ஹவ்... வாங்க டாடி. பட் ஒரு கண்டிஷன். கூடப் பாடக் கூடாது."

இந்தக் கண்டிஷனுக்குக் காரணம் இருக்கிறது. கொயரில் நான் பேஸ் — அதாவது அடிக்குரல். எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பாட்டைக் கேட்டாலும் அதன் மெட்டைப் பாட மாட்டோம், அதற்குக் கீழே ஒன்றைப் பாடிக்கொண்டு போவோம். காரில், கல்யாண வீட்டில், லிஃப்டில்... அது அந்தப் பாட்டுதான் என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஒருமுறை நான் பாத்ரூமில் பாடியபோது, தண்ணீர் மோட்டார் ஓடுகிறது என்று நினைத்து என் மனைவி போய் ஸ்விட்சைப் பார்த்திருக்கிறாள்.

தனியாகப் போக வெட்கம். செல்வினையும் ராமமூர்த்தி சாரையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். செல்வின் அதே கொயரில் டெனர், அதாவது ஆண்களில் மேல்குரல். பிறந்தது செகந்திராபாத்தில்தான், ஆனால் வாயைத் திறந்தால் திருநெல்வேலி. ராமமூர்த்தி சார் பக்கத்து வீடு. பாட வராது. ஆனால் குக்கர் விசில் அடித்தால்கூடத் தொடையில் தாளம் போடுவார்.

ஞாயிறு ஆராதனைக்கு வருகிற மாதிரி செல்வின் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கொயர்க்காரர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து பழக்கம் ஏது? நேராக மேடைக்குக் கீழே போய், முதுகுச் சாய்மானம் இல்லாத மூன்று உயர ஸ்டூல்களில் ஏறி உட்கார்ந்தோம். ஏறுவதற்கே ஒருவர் தோளை ஒருவர் பிடிக்க வேண்டியிருந்தது. மாணவர்கள் எல்லோரும் எங்களுக்குப் பின்னால் நின்றார்கள்.

டிரம்ஸ் ஆரம்பித்தது. ராமமூர்த்தி சார் கொஞ்ச நேரம் தொடையில் போராடிப் பார்த்துவிட்டு, "இது எதிலேயும் அடங்கலை சார்" என்று கையை மடக்கிக்கொண்டார்.

அப்புறம் ஜெனி பாடினாள். இத்தனை வருஷம் கொயரில் நான் கேட்ட குரல் இல்லை அது. அங்கே அடக்கி வைத்திருந்திருக்கிறாள் போல. இங்கே தாராளமாகத் திறந்து விட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே தொண்டையும் தயாரானது. நான் உஷாராகத் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டேன். பாட்டுக்குப் பாட்டு ஒரு மடக்கு. கடைசிப் பாட்டு வரை தப்பித்துவிட்டேன்.

கடைசிப் பாட்டு அவளே எழுதியது. தெலுங்கில், காதலன் விட்டுப் போன சோகம். (யார் அவன் என்ற கேள்வி வந்தது. அதைத் தனியாக வைத்துக்கொண்டேன்.) டிரம்ஸ் இல்லை, வெறும் கீபோர்ட். அதிலும் ஆர்கன் சத்தம். பாட்டு முடிந்தது. கீபோர்ட்காரர் கடைசி ஸ்வரங்களை அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். கஃபே முழுக்க அமைதி.

அவர் அதைச் செய்திருக்கக் கூடாது.

எங்கள் சர்ச்சில் ஒவ்வொரு ஞானப்பாட்டும் இப்படித்தான் முடியும். ஆர்கன் அழுத்திப் பிடிக்கும், நாங்கள் ஆமென் போடுவோம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பழக்கம். இதில் மூளைக்கு வேலையே கிடையாது.

"ஆ..." என்று ஒரு கனத்த குரல் கேட்டது. யாரடா இது என்று பார்த்தேன். நான்தான்.

நிறுத்தியிருப்பேன். அதற்குள் பக்கத்திலிருந்து டெனர் சேர்ந்துகொண்டது. "...மென்" என்று இரண்டு பேரும் சேர்ந்து, நிதானமாக, பயபக்தியோடு முடித்து வைத்தோம்.

ராமமூர்த்தி சார் ஸ்டூலை மெல்ல நகர்த்தி, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் தெலுங்கில், "நான் இவங்களோட வரலைம்மா" என்றார்.

சிரிப்பு வெடித்தது. பின்னாலிருந்து யாரோ பதிலுக்கு ஒரு ஆமென் போட, கூட்டமே ஆமென் ஆமென் என்று தரையில் காலைத் தட்டியது. ஜெனி என்னைப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே மூவரும் நழுவிவிட்டோம்.

காரில் செல்வினிடம் கேட்டேன், "நீ ஏன்டா சேர்ந்தே?"

"ஏல, ஆரம்பிச்சது நீ. பாதியில விட்டுட்டா அசிங்கமா இருக்காதா?"

வீட்டுக்கு வந்து அவளுக்கு வாட்ஸப்பில் ஒரு சாரி அனுப்பினேன். இரண்டு நீல டிக். பதில் இல்லை. முதல் ஷோவைக் கெடுத்த அப்பனை எந்த மகள் இன்னொரு தடவை கூப்பிடுவாள்? சரியாகத் தூங்கவில்லை.

ஞாயிறு காலை, சோப்புக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் அசையாத ஆந்தையைக் கொயர் அங்கியின் கைக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன். ஆராதனை தொடங்கச் சற்று முன்பு போன் அதிர்ந்தது. ஜெனியின் வாய்ஸ் மெசேஜ். செல்வினும் நானும் தலையை ஒட்டிக்கொண்டு கேட்டோம்.

"டென்ஷன் நக்கோ டாடி. எல்லாருக்கும் அந்த ஆமென்தான் பிடிச்சிருக்கு. நெக்ஸ்ட் ஷோலயும் வேணுமாம். செல்வின் அங்கிளையும் கூட்டிட்டு வாங்க. அங்கிள் கரெக்டா பாடினாங்க. நீங்கதான் கொஞ்சம் ஃப்ளாட், சுருதி இறங்கிடுச்சு. ப்ராக்டிஸ் பண்ணிட்டு வாங்க."

செல்வின் அங்கியைச் சரிசெய்துகொண்டு கம்பீரமாக நடந்தான்.

அன்றைக்கு முதல் பாட்டின் ஆமெனுக்கு நான் வாயை மட்டும்தான் அசைத்தேன்.